ஆள் குறைந்த மாவட்டம்

சிலாங்கூர் என்றதும் ஷா ஆலாமும் பெட்டாலிங் ஜெயாவுமே பலருக்கு நினைவில் வரும். அதே மாநிலத்தின் வடமேற்குக் கரையில் அமைந்திருப்பது கோல சிலாங்கூர் மாவட்டம். பரப்பளவில் இது பெட்டாலிங் மாவட்டத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெட்டாலிங்கில் 20 இலட்சத்திற்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். இங்கு 3 இலட்சம் பேர்கூட இல்லை.

இவ்வூர் எக்காலத்திலும் ஒதுக்குப்புறமாக இருந்ததன்று. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள மெலாவத்தி குன்றில் அம்மாநிலத்தின் தொடக்ககாலச் சுல்தான்களுக்குக் கோட்டை இருந்தது. 1784இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன.

பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. மாற்றம் மரத்தோடு நிற்கவில்லை. இரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாளாவது சீவ வேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆகவே, அதே நிலத்துக்குக் குறைந்த ஆள்களே தேவைப்பட்டனர். வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை போனால் வீடும் போயிற்று. குடும்பங்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தன. தோட்டம் காலியானால் முதலில் தளர்வது பள்ளிதான். 150 மாணவருக்கும் குறைவானது ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்று இந்த வகையில் அடங்கும்.

மனிதர் நெருக்கமில்லாத இதே மாவட்டத்தில் வேறோர் உயிர் கூட்டமாக வாழ்கிறது. கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. அவற்றின் புழுக்கள் ஈரமான கரைநிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்பவை. எனவே, மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையைச் செம்பனைக்காகத் திருத்தினாலும் மின்மினி குறையும். விளக்கொளியும் அவற்றுக்குப் பகை. 2011இல் திறக்கப்பட்ட லத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கைத் தலைநகருக்கு அருகாக்கிவிட்டது. வீடுகள் பெருகினால் விளக்குகளும் பெருகும். இப்போதைக்கு, இருட்டியபின் புறப்படும் படகுகளில் ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளிக்குக்கூட அனுமதி இல்லை.