மடிப்பு விழுந்த முகத்தை மீட்பது எப்படி?

வீட்டில் பெரியவர் யாராவது தவறிவிட்டால், காரியத்துக்குள் பெரிய படம் வேண்டும் என்று பீரோவைக் குடைவோம். நடுவில் மடிந்த ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படம் அகப்படும். அவசரத்தில் அதை மொபைலில் பிடித்து, ஏதோ ஒரு செயலியில் போட்டு, வழவழவென்று வந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவோம். என் சின்னப் பாட்டிக்கு அப்படித்தான் நடந்தது. அவர் மூக்குத்தியைத் தூசி என்று எடுத்துக்கொண்டு அந்தச் செயலி துடைத்துவிட்டது. படத்தைப் பார்த்ததும் அம்மா, “இது எங்க சித்தி இல்லையே” என்றார். அதற்குப் பிறகு உறவில் யார் பழைய படத்தைக் கொண்டுவந்தாலும் நானே உட்கார்ந்து சரிசெய்கிறேன். எனக்கு ஒரே விதிதான்: சேதத்தை எடுக்கலாம், ஆளை மாற்றக் கூடாது.

ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் செய்யலாம். லேயர் போடவும் பிரஷ் அளவை மாற்றவும் தெரிந்திருந்தால் போதும்.

1. படத்தைப் பிய்க்காதீர்கள்

சட்டத்தைக் கழற்றும்போது படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். படத்தின் மேல்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரப்பதத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அதற்கு சிசிடி வகை ஸ்கேனர்தான் சரி. மெல்லிய சிஐஎஸ் வகையில் கண்ணாடியின் தடிமனுக்கே படம் மங்கிவிடும். ஒட்டாத படமென்றால் மென்மையான பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

2. ஸ்கேன்

எத்தனை டிபிஐ என்பதற்கு எளிய கணக்கு உண்டு. எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறீர்களோ, அதை 300-ஆல் பெருக்குங்கள். 3 அங்குல அகலப் படத்தை 12 அங்குலமாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு, அதாவது 1200 டிபிஐ. டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் ஸ்டூடியோ முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளியூரில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் நுணுக்கங்கள் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம் அடுத்த படியில்.

3. கறை

பழுப்பேறிய இடம், மஞ்சள் கறை, படத்தில் நேரடியாகப் பட்ட குங்குமம் ஆகியவற்றைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. சேனல்ஸ் பகுதியைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில் கருந்திட்டாகத் தெரியும். சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்திருக்கும். வெளிறிய பகுதியில் பட்ட குங்குமமும் அப்படியே. நீல மைக் கோடு என்றால் நீலச் சேனலைப் பாருங்கள். கறை குறைவாகத் தெரியும் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக்கிக்கொண்டால், ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

4. முகத்தின் குறுக்கே போகும் மடிப்பு

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். முதலில் படத்துக்கு மேலே ஒரு வெற்று லேயர் போடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’, கிம்ப்பில் ‘சாம்பிள் மெர்ஜ்டு’ என்ற வசதியை இயக்கி, எல்லா ஒட்டு வேலையையும் அந்த லேயரிலேயே செய்யுங்கள். தப்பாகிவிட்டால் அந்த லேயரில் அழித்தால் போதும், கீழே அசல் அப்படியே இருக்கும்.

அடுத்தது கருவி. ஹீலிங் பிரஷ் பக்கத்து இடத்தின் சொரசொரப்பை எடுத்துக்கொண்டு, வைக்கும் இடத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். கன்னம், நெற்றி, பின்னால் தொங்கும் திரை போன்ற சமமான பரப்புக்கு அது அருமையான கருவி. ஆனால் நெற்றியும் முடியும் சேரும் கோட்டில் அதையே வைத்தால், முடியின் கறுப்பு நெற்றியில் மை போல் இழுபடும். ஓரங்களில் குளோன் ஸ்டாம்ப்தான் சரி. அது உள்ளதை உள்ளபடி எடுத்து வைக்கும், எதையும் கலக்காது. முதலில் ஓரங்களைக் குளோனால் தைத்து முடியுங்கள்; பிறகு நடுப்பரப்பை ஹீலிங்கால் நிரப்புங்கள். தலைகீழாகச் செய்தவர்கள்தான் என்னிடம் கறுப்புத் தீற்றலோடு வருகிறார்கள்.

பிரஷ் மடிப்பை விடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். நீளமாக இழுக்காதீர்கள், சிறு சிறு தொடுதல்களாக வையுங்கள். நாலைந்து தொடுதலுக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே புள்ளி வரிசையாகத் திரும்பத் திரும்பத் தெரியும்.

மடிப்பு கண்ணின் மேல் போனால், நல்ல கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டத் தோன்றும். வேண்டாம். ஸ்டூடியோ விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுந்திருக்கும். அதன் சின்ன வெள்ளைப் பொட்டு இரண்டு விழியிலும் ஒரே பக்கமாக இருக்கும். திருப்பி ஒட்டினால் ஒரு விழியில் அது எதிர்ப்பக்கம் போய்விடும்; பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் முகம் மாறுகண் போல் உறுத்தும். இமைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பொட்டை அதன் சரியான பக்கத்தில் வையுங்கள். அதே ஆளின் வேறொரு படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

‘டஸ்ட் அண்டு ஸ்கிராட்சஸ்’ ஃபில்டரை முகத்தில் போடவே கூடாது. மூக்குத்தி, தோட்டுக்கல், அம்மைத் தழும்பு எல்லாமே அதன் கணக்கில் தூசிதான். சந்தேகமான புள்ளி எதுவானாலும், அவரோடு பழகிய ஒருவரிடம் “இங்கே மச்சம் இருந்ததா?” என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஒட்டிய இடம் மட்டும் வழுவழுப்பாகத் தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் மிகக் குறைவாக நாய்ஸ் சேருங்கள். பழைய படத்தின் பொடிப்பொடியான மணிகளோடு அது சேர்ந்துகொள்ளும்.

5. வெளிச்சம்

லெவல்ஸில் இரண்டு முனைகளையும் வரைபடம் தொடங்கும் இடம் வரை மட்டும் நகர்த்துங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறையத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

6. பிரிண்ட்

மேட் தாளில் போடுங்கள். கூடத்து விளக்கு தாளில் எதிரொளிக்காது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், மறுபடி ஒட்டாது. ஸ்கேன் செய்த டிஃப் கோப்பை எதையும் மாற்றாமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

பெரிய அளவில் பிரிண்ட் போடும் முன் சிறிதாக ஒன்று எடுத்து, அவரை நன்றாகத் தெரிந்தவர் கையில் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். ஒரு நொடி தயங்கினாலும் கணினிக்குத் திரும்பி, கடைசியாக முகத்தில் செய்த வேலையை அழித்துவிடுங்கள். மடிப்பின் தடம் கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை, சுவரில் இருப்பது அவர் முகமாக இருக்க வேண்டும்.