கட்டுக்கதை எது, சரித்திரம் எது?



நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரியோரின் பூர்வோத்தரத்தைக் கிண்டிக் கிளறாதே என்பதற்காகச் சொன்ன புத்திமதி அது, நல்லதுதான். ஆனால் கதைமூலம் பார்க்கலாகாது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. தாமிரபரணித் தண்ணீர் புன்னைக்காயலில் கலங்கலாய் வந்தால், அது பொதிகையிலேயே கலங்கிப் புறப்பட்டதா, வழியில் ஏதும் கலந்ததா என்று கரையோடு மேல்நோக்கி நடந்து பார்ப்பவனே அறிவாளி. திருச்சபையைப் பற்றிக் காதில் விழும் மர்மக் கதைகளுக்கும் இதுவே வழி. இவ்வாரப் பாடத்தில் ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் மூலம் வரை நடந்து பார்ப்போம்.

கதை என்ன?

டான் பிரவுன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 2003-ம் ஆண்டில் "டாவின்சி கோட்" என்றொரு நாவல் எழுதினார். சேசுநாதர் அர்ச். மதலேன் மரியம்மாளை மணந்தார், அவர்களுக்குச் சந்ததி உண்டு, திருச்சபை அதை மறைத்துவிட்டது, ஓர் இரகசியச் சபை மட்டும் அந்த உண்மையைக் காத்து வருகிறது என்பது அதன் சாரம். 2006-ல் அது சினிமாவாயிற்று. "பெரியவர்களுக்கு மட்டும்" என்ற சான்றிதழும், எல்லாம் கற்பனையே என்ற அறிவிப்பும் அதற்கு இந்தியாவில் கொடுக்கப்பட்டன. தமிழ்நாட்டு அரசாங்கம் படத்தைத் தடுத்து உத்தரவிட்டது. அதே ஆண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது.

தடை வந்தது, போயிற்று. புத்தகமோ இன்றும் கடையில் இருக்கிறது, படம் கைபேசியிலும் கிடைக்கிறது. ஆகையால் நம் பிள்ளைகளின் விசுவாசத்தை அரசாங்க உத்தரவு காப்பாற்றும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதற் கேள்வி: மூலம் எவ்வளவு பழையது?

சீயோன் மடம் என்னும் இரகசியச் சபை 1099-ம் ஆண்டில் ஏற்பட்டது என்றும், அதன் பத்திரங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் அகப்பட்டன என்றும் நாவலின் முதற்பக்கத்திலேயே, உண்மை என்ற தலைப்பின்கீழ் அச்சிட்டிருக்கிறது. வாசகர் ஏமாறுவது இந்தப் பக்கத்தில்தான்.

மூலம் தேடிப் போனவர்கள் கண்டது என்ன? அந்தப் பெயருள்ள சங்கம் பிரான்ஸ் தேசத்தில் 1956-ம் ஆண்டில்தான் பதிவாயிற்று. பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் பியேர் பிளாந்தார் என்பவர். சீயோன் என்ற பெயரும் எருசலேமிலிருந்து வரவில்லை. பிரான்ஸ் தேசத்திலேயே உள்ள ஒரு குன்றின் பெயர் அது. அந்தச் சங்கம் நடத்திய சிறு பத்திரிகை, மலிவு வாடகை வீடுகளில் குடியிருந்தவர்களுக்காகப் பரிந்து பேசியது. நூலகத்தில் அகப்பட்ட பத்திரங்களோ, 1960-களில் பிளாந்தாரும் அவர் கூட்டாளிகளும் தாங்களே தயாரித்து அங்கே கொண்டுபோய் வைத்தவை. 1993-ல் ஒரு பிரெஞ்சு நீதிபதி விசாரித்தபோது பிளாந்தாரே எல்லாம் தம் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். 1099-ல் நடந்ததாகச் சொல்லும் சங்கதிக்கு மூலம் 1956-ல் என்றால், நடுவே 857 ஆண்டு இடைவெளி!

இதன் பக்கத்தில் நம் ஜில்லாவின் சங்கதி ஒன்றை வைத்துப் பாருங்கள். நீலகண்டர் என்னும் திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தர் 1745-ல் வடக்கன்குளத்தில், சேசுசபைப் புத்தாரி சுவாமியார் கையால் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு வேதசாட்சியாய் மரித்தார். கொச்சி மேற்றிராணியார் 1756-ல் உரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இந்த மரணம் சொல்லப்பட்டிருக்கிறது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நான்கே ஆண்டுகள். அப்படியிருந்தும் திருச்சபை அவசரப்படவில்லை. நீண்ட விசாரணைக்குப் பிறகே 2012-ல் முத்திப்பேறு பெற்றவர் என்றும், 2022 மே 15-ல் அர்ச்சியசிஷ்டர் என்றும் அறிவித்தது. பார்த்த கண்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிய எழுத்து ஒன்று. ஒன்பது நூற்றாண்டு கழித்து ஜோடித்த எழுத்து மற்றொன்று.

இரண்டாவது கேள்வி: பெயர் மெய்யானால் செய்தியும் மெய்யாகுமா?

ஒருவன் கதை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோச்சன முதலியார் பாலத்தின் தூண் ஒன்றுக்குள், 1843-ல் ஓர் இரகசிய ஓலையை வைத்துப் பூசிவிட்டார்கள் என்பது கதை. பாலம் மெய். 1843-ல் அது கட்டி முடிந்ததும் மெய். தாமிரபரணி அதன் அடியில் ஓடுவதும் மெய். ஓலை? பாலம் மெய்யாயிருப்பதால் ஓலையும் மெய்யாகிவிடாது.

இந்த நாவலும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஓபுஸ் தேயி என்னும் கத்தோலிக்க ஸ்தாபனம் உண்டு. 1928-ல் ஸ்பெயின் தேசத்தில் ஏற்பட்டது. ஆனால் நாவலில் கொலை செய்யும் சந்நியாசி அதன் அங்கத்தினன். அந்த ஸ்தாபனத்திலோ சந்நியாசிகளே கிடையாது. வத்திக்கானில் "இரகசியச் சுவடிச்சாலை" இருந்ததும் மெய்தான். ஆனால் அந்த லத்தீன் சொல்லுக்கு அங்கே "சொந்தமானது", அதாவது பாப்பானவருக்கு உரியது, என்றே பொருள். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் 1881-லேயே அதை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார். பெயரால் வீண் சந்தேகம் வருகிறதென்று 2019-ல் பிரான்சிஸ் பாப்பானவர் அந்தச் சொல்லையே நீக்கி, வத்திக்கான் அப்போஸ்தலிக்கச் சுவடிச்சாலை என்று பெயர் மாற்றினார்.

மூன்றாவது கேள்வி: வேண்டாதவன் சாட்சி என்ன சொல்கிறது?

சேசுநாதரை வெறும் மனிதராகவே ஆதிக் கிறிஸ்தவர்கள் எண்ணியிருந்தார்கள் என்றும், 325-ல் கூடிய நிசேயா சங்கத்தில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவரைக் கடவுளாக்கினார்கள் என்றும் நாவலில் ஒரு பாத்திரம் பேசுகிறது. அந்தச் சங்கத்தில் ஏறக்குறைய 300 மேற்றிராணிமார் கூடினார்கள். விசுவாசப் பிரமாணத்தை முடிவுவரை ஏற்க மறுத்தவர்கள் இரண்டே பேர். இதுவா சொற்ப வித்தியாசம்?

நம்மவர் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிளினி என்பவர் உரோமை அதிகாரி; அஞ்ஞானி; கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அவர் ஏறக்குறைய 112-ம் ஆண்டில் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். நிசேயா சங்கத்துக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னமே இப்படி! உறவினன் சாட்சியை விட, வேண்டாதவன் சாட்சிக்கு எந்தக் கோர்ட்டிலும் மதிப்பு அதிகமன்றோ?

நமக்கும் அதே மரக்கால்

மற்றவன் நெல்லை ஒரு மரக்காலாலும் நம் நெல்லை வேறொரு மரக்காலாலும் அளப்பது அநியாயம். பக்தியின் பேரால் நம்மிடையே உலாவும் கதைகளையும் இதே மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும்.

அர்ச். சவேரியார் நம் கடற்கரைக்கு வந்த உடனே வரத்தினால் தமிழ் பேசினார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை இவர்களுக்குத் தெரியாது என்ற கருத்தில் அவரே அதில் எழுதுகிறார். இரு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். வரத்தினால் பேசியவரை விட, வாய் குழற நம் பாஷையைப் படித்த அந்த அந்நியர் நமக்கு இன்னும் அருகில் வரவில்லையா? கட்டுக்கதையை விலக்கியதால் அர்ச்சியசிஷ்டவர் சிறுத்துவிடவில்லை. நம் அன்புக்கு இன்னும் உரியவராகிறார்.

ஆகையால், யாரோ அனுப்பிய புதுமைச் செய்தி கைபேசியில் வந்தால், அது நம் வேதத்துக்குச் சாதகமானது என்பதற்காகவே பத்துப் பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். நாம் பரப்பிய ஒன்று பொய்யென்று நம் மகன் கண்டுகொண்டால், நாம் சொன்ன உத்தானத்தையும் அவன் அதே கூடையில் போட்டுவிடுவான். அப்போது அவன் விசுவாசத்தைக் கெடுத்தது நாவலாசிரியரா, நாமா?

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளை கையில் இப்படிப்பட்ட புத்தகத்தைக் கண்டால் பிடுங்கி எறியாதீர்கள். பயப்படுகிறார்கள், ஆகவே ஏதோ இருக்கிறது என்றே அவன் நினைப்பான். பக்கத்தில் உட்கார வைத்து, "எந்த இடம் உனக்குச் சந்தேகம்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லி, இருவருமாகத் தேடுங்கள். விசுவாசமும் புத்தியும் ஒரே சர்வேசுரன் தந்தவை. ஒன்றையொன்று கெடுக்கமாட்டா என்று 1870-ல் வத்திக்கான் சங்கம் போதித்தது. சத்தியத்துக்கு விசாரணையால் நஷ்டமில்லை.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கதையின் மூலத்தைச் சோதிக்க வேண்டிய மூன்று கேள்விகள் யாவை?
2. சீயோன் மடத்துக்கும் அர்ச். தேவசகாயத்துக்கும் உள்ள எழுத்துச் சாட்சிகளில் வித்தியாசம் என்ன?
3. கடந்த மாதத்தில் நீங்கள் பிறருக்கு அனுப்பிய வேதச் செய்தி ஒன்றை இந்தக் கேள்விகளால் அளந்து பாருங்கள். தேறியதா?