புகைமூட்டக் காலத்தில் நுரையீரலைக் காப்போம்

தாமிரபரணிக் கரையூர்களிலிருந்து பிள்ளைகளைக் காணச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்லும் முதியோர் உண்டு. அவர்களுள் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள், புறப்படுமுன் அந்நாட்டுக் காற்றின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில், இந்தோனேசியாவின் சுமத்திரா, களிமந்தான் பகுதிகளில் நிலத்தைத் திருத்த மூட்டப்படும் தீயின் புகை, சில ஆண்டுகளில் அண்டை நாடுகளையும் சூழ்ந்துகொள்கிறது. அங்குள்ள சதுப்பு நிலங்கள், மக்கிய தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவானவை. நீரை வடித்துவிட்டால் அம்மண்ணே விறகாகிவிடும். மேலே அணைந்ததாகத் தோன்றும் தீ அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401 ஐ எட்டியது. அக்குறியீடு 100 ஐக் கடந்தால் காற்று உடல்நலத்திற்குக் கேடானது. 300 ஐக் கடந்தால் அபாயகரமானது. 2015 செப்டம்பர் 25 அன்று புகையின் காரணமாக அங்குப் பள்ளிகளே மூடப்பட்டன.

இப்புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் மிகுந்துள்ளன. அவை தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகையால், மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் காற்றுப்பைகளை அடைகின்றன. அதனால் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. இதயத்தின் சுமையும் கூடுகிறது.

ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்வது இத்துகள்களைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசமே பயன் தரும். அதை அணியும்போது மூச்சுவிடுவது சற்றுக் கடினமாகும் என்பதால், நோயாளிகள் முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். புகை மிகுந்த நாளில் நடைப்பயிற்சியைத் தவிர்த்து, சன்னல்களை மூடி, ஓர் அறையையேனும் தூய்மையாக வைத்துக்கொள்வோம். மூடிய அறைக்குள் ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி ஆகியவற்றை ஏற்றினால், வெளியே தடுத்த புகையை உள்ளே நாமே உண்டாக்கியவர்களாவோம்.

இருமல் இல்லையென்று எண்ணி அன்றாட இன்ஹேலரை நிறுத்திவிடுவது பெரும் ஆபத்து. அது வீக்கத்தை அடக்கி வைக்கும் மருந்து. புகை வந்தபின் தொடங்கினால் முழுப் பயன் கிடைக்கத் தாமதமாகும். தங்கும் நாள்களுக்கும் மேலாகச் சில நாள்களுக்குப் போதுமான மருந்துகளை, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையிலேயே எடுத்துச் செல்க. மூச்சுத்திணறலின்போது எந்த மருந்தை எத்தனை முறை எடுப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்க. உடனிருப்பவரும் அதைப் படித்து அறிந்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், நெஞ்சுவலி, மயக்கம் அல்லது குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது. அவசர ஊர்திக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தமிழகத்தில் 108 எண்களை அழைக்க வேண்டும்.

அறுவடைக்குப்பின் வயலில் வைக்கோல் எரியும்போதும், போகியன்று தெருவில் பழம்பொருள்கள் எரியும்போதும் நம் ஊரிலும் இதே நுண்துகள்களே எழுகின்றன. ஆகவே பயணம் செல்லாதவர்களும் இம்முறைகளைக் கைக்கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டு வாருங்கள். அதைப் பயன்படுத்தும் முறை சரிதானா என்பதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.