இயக்கி இல்லாத கணிப்பொறி



எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் எட்டுப் பொறிகள் இருக்கின்றன. அவை யாவும் பழையவை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி பொறியில் இருக்க வேண்டும். எங்கள் பொறிகளில் அது இல்லை. எனவே எட்டையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. வீட்டில் கணிப்பொறி இல்லாத ஆறாம் வகுப்புத் தங்கைகள் எங்கே கற்பார்கள்? இந்த எண்ணம் எங்களை வருத்தியது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இலவச இயங்குதளம் ஒன்றை ஒரு பொறியில் மட்டும் சோதித்துப் பார்க்க அறைப் பொறுப்பாளரான அருட்சகோதரி இசைந்தார். அந்த முயற்சியில் நாங்கள் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இயக்கி என்றால் என்ன?

நம் ஊர் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு ஒரு பெரிய கப்பல் வருவதாக வைத்துக்கொள்வோம். கப்பலின் தலைவருக்குக் கடல் தெரியும், கப்பலும் தெரியும். ஆனால் நம் துறைமுகத்தின் ஆழமும் திருப்பமும் பைலட்டுக்குத்தான் நன்கு தெரியும். அவர் ஏறி வழிகாட்டிய பின்னரே கப்பல் தளத்தை அடைகிறது. கணிப்பொறியில் இயங்குதளம் கப்பல் தலைவரைப் போன்றது. அச்சுப்பொறி, ஒலிப்பகுதி, வைஃபை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு துறைமுகம். அந்தந்த வன்பொருளின் வழிகளை அறிந்த சிறு மென்பொருளே இயக்கி. “இந்தப் பக்கத்தை அச்சிடு” என்று இயங்குதளம் பொதுவாகச் சொல்வதை, அந்த அச்சுப்பொறிக்குப் புரியும் கட்டளையாக அது மாற்றிக் கொடுக்கிறது.

இயங்குதளம் புதிதாகும்போது அதன் உள்ளமைப்பும் மாறுகிறது. பழைய அமைப்புக்கு எழுதிய இயக்கி அப்போது பொருந்தாமல் போகலாம். 2007-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வெளிவந்தபோது, பல அச்சுப்பொறிகளுக்கும் வரைகலை அட்டைகளுக்கும் ஏற்ற இயக்கிகள் ஆயத்தமாக இல்லை; பலர் இடர்ப்பட்டனர். அதே 2007-இல்தான் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. அது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது நம் அக்காமார் பலருக்கும் அறிமுகமாயிற்று.

சோதனைப் பதிப்பு

முற்காலத்தில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், முத்துப்பாரிலிருந்து சிறிதளவு சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். விளைச்சல் போதுமென்று கண்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. மென்பொருளுக்கும் அத்தகைய முன்சோதனை உண்டு. குறைகளைக் கண்டறிவதற்காக, முடிவான பதிப்புக்கு முன் வெளியிடப்படுவதே பீட்டா எனப்படும் சோதனைப் பதிப்பு. புதியது என்ற ஆசையில் நாங்கள் அதையே தேர்ந்துகொண்டோம்.

எங்கள் தவறு

பொறி இயங்கத் தொடங்கியது. ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, அச்சுப்பொறியில் தாள் நகரவே இல்லை. எல்லாம் இயக்கிக் கோளாறே என்று முடிவுகட்டி, ஒரே பிற்பகலில் ஐந்து மாற்றங்களைச் செய்தோம். ஆறாவதாகத் திரையும் இருண்டுவிட்டது.

அருட்சகோதரி கோபிக்கவில்லை. “பிள்ளைகளா, வைத்தியர் ஐந்து மருந்தை ஒன்றாகக் கொடுத்தால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று அவருக்கே தெரியுமா?” என்று கேட்டார். நோயையும் அதன் காரணத்தையும் கண்டறிந்த பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டுமென ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதை நினைவூட்டினார். ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அதில் நாங்கள் எழுதிய முறை இதுவே:

1. முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். இயன்றால் நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம்.

2. கம்பி, சொடுக்கி, ஒலியளவு போன்ற எளியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

3. பொறி அந்த வன்பொருளைக் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோசில் ‘டிவைஸ் மேனேஜர்’ இதைக் காட்டும். லினக்சில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளை உள்ளிருக்கும் வன்பொருள்களையும், எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கட்டளை வெளியே இணைத்தவற்றையும் பட்டியலிடும். (இவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் புள்ளியின்றித் தட்ட வேண்டும்.) ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அது 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயர்!

4. கண்ட பொருளுக்கு இயக்கி பொருந்தியுள்ளதா என்று பார்க்க வேண்டும். எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடும் கே என்ற எழுத்தும் சேர்த்தால் அதுவும் தெரியும்.

5. பொறியின் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். டி.எம்.இ.எஸ்.ஜி. என்ற கட்டளை அதைக் காட்டும்.

6. ஒரு முறைக்கு ஒரே மாற்றம். அதன் பயனை உடனே எழுத வேண்டும். இயக்கியை இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தோ தயாரிப்பாளரிடமிருந்தோ மட்டுமே பெற வேண்டும். “இலவச இயக்கி” என்று அழைக்கும் அறியாத தளங்களில் நச்சுநிரல் இருக்கக்கூடும்.

மூன்று நோய், மூன்று காரணம்

இம்முறைப்படி பார்த்தபோது நாங்கள் வியந்தோம். ஒலிப்பகுதிக்கு இயக்கி சரியாகவே இருந்தது! ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு ஒலி போய்க்கொண்டிருந்தது. அமைப்பில் ஓரிடத்தை மாற்றியதும் பாட்டுக் கேட்டது.

வைஃபைக்கும் இயக்கி இருந்தது. ஆனால் அந்த வன்பொருளுக்குள் ஏற்றப்பட வேண்டிய நிலைபொருள் என்னும் கோப்பு இல்லை என்று நாட்குறிப்பு கூறியது. இத்தகைய கோப்புகள் பலவற்றின் மூலநிரல் வெளியிடப்படுவதில்லை. ஆதலால் டெபியன் நெடுங்காலம் அவற்றைத் தன் வழக்கமான நிறுவலில் சேர்க்கவில்லை. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 சூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்க்கத் தொடங்கியது. எங்களுக்கோ இன்னொரு சிக்கல்: இணையம் இருந்தால்தான் கோப்பு கிடைக்கும், கோப்பு இருந்தால்தான் இணையம் வரும்! அருட்சகோதரி தம் கைப்பேசியைக் கம்பிவழி இணைத்து இணையம் தந்தார். கோப்பை நிறுவி மீண்டும் தொடங்கியதும் வைஃபை வந்தது.

மூன்றாவதான அச்சுப்பொறிதான் உண்மையான இயக்கிக் கோளாறு. பழைய பொறியில் அது நன்றாக அச்சிட்டது. அதற்கான இயக்கி புதிய பதிப்பில் ஏறவில்லை. எங்களால் அதைத் திருத்த இயலவில்லை. ஆனால் வாளாவிருக்கவில்லை. பதிப்பு எண், அச்சுப்பொறியின் எண், நாங்கள் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய ஐந்தையும் எழுதி, நாட்குறிப்புப் பகுதியையும் இணைத்து உருவாக்குநர்களுக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து மேலும் ஒரு விவரம் கேட்டு மறுமொழி வந்தது. முகமறியாத ஒருவர் எங்கள் குறிப்பைக் கருத்தூன்றிப் படித்திருக்கிறார் என்பதில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி.

அச்சுப்பொறிக்கு இன்னும் தீர்வு வரவில்லை. அதற்காக ஒரு பொறியைப் பழையபடியே, இணையம் இணைக்காமல் வைத்திருக்கிறோம். மற்ற ஏழிலும், சோதனைப் பதிப்பை விடுத்து, நிலையான பதிப்பை நிறுவினோம். அன்றாடப் பணிக்கு அதுவே ஏற்றது என்பதும் நாங்கள் கற்றதே. காயலான் கடைக்கு எந்தப் பொறியும் போகவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கைகள் இப்போது வெள்ளிதோறும் தமிழில் தட்டச்சுப் பழகுகிறார்கள்.

தோழியரே, கோளாறு கண்டால் கலங்க வேண்டாம். கைபோன போக்கில் மாற்றவும் வேண்டாம். பாருங்கள், எழுதுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் கணிப்பொறி அறையின் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதில் எழுதப்போவது நீங்களே!

பத்தாம் வகுப்பு மாணவியருள் ஒருத்தி