ஆனந்தரின் துணிக்கணக்கு



மனநிறைவு வேறு, ஆசையே இல்லாமல் இருப்பது வேறு. சோம்பலோ இரண்டிலும் சேராது. “இருப்பது போதும் என்று இருந்துவிட்டால் முன்னேறுவது எப்படி?” என்று வகுப்பில் எழுந்த கேள்வி, இம்மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதால் வந்தது. கேட்டவர்மேல் தவறில்லை; மேடைதோறும் அப்படித்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். திருக்குறளின் அதிகார வரிசையைப் பார்த்தாலே கட்டு அவிழும். ஊக்கமுடைமைக்கு 60ஆம் அதிகாரம், பொருள் செயல்வகைக்கு 76ஆம் அதிகாரம். இல்லறவியலில் 18ஆம் அதிகாரமாக வரும் வெஃகாமை, பிறர் பொருள்மேல் கண் வைப்பதைத்தான் தடுக்கிறது. உழைத்துச் சேர்ப்பதை அன்று. அவா அறுத்தலோ துறவறவியலின் கடைசியில், 37ஆம் அதிகாரமாக நிற்கிறது. துறவிக்கு வகுத்ததைக் கடைத்தெருவில் உள்ளவருக்கு உபதேசித்துவிட்டு, வள்ளுவர் முன்னேற்றத்துக்கு எதிரி என்று தீர்ப்பும் எழுதுவது நூலைத் திறக்காமல் பேசுபவர்களின் வழக்கம்.

அடுத்த தடுமாற்றம் ‘நன்றி’ என்ற சொல்லில். இன்று அது வாயால் சொல்லும் ஒன்று; கூட்டத்தின் கடைசியில், பாதிப்பேர் எழுந்து போனபின் உரைப்பது. குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்பது நன்மை. அதைச் செய்பவர் கொடுப்பவர். பெறுபவரின் பங்கு அறிவது. வடமொழியின் கிருதக்ஞன், பாலியின் கதஞ்ஞூ ஆகிய இரண்டு சொற்களுக்கும் ‘செய்ததை அறிந்தவன்’ என்பதே நேர்ப்பொருள். மூன்று மொழிகளும் இதை உணர்ச்சியின் கணக்கில் வைக்காமல் அறிவின் கணக்கில் வைத்தன. பாலி மொழியிலுள்ள பௌத்தப் பாடலான மங்கல சுத்தத்தில் மனநிறைவும் (சந்துட்டி) செய்ததை அறிதலும் (கதஞ்ஞுதா) ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த அண்டைமை தற்செயலாக இருக்க முடியாது. அதற்கு மிக நல்ல விளக்கம் எந்த உரையிலும் இல்லை. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில் வரும் ஒரு துணிக்கணக்கில் இருக்கிறது.

புத்தர் மறைந்தபின் அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கோசாம்பி நகருக்குப் போகிறார். அரசன் உதேனனின் சோலைக்கு அருகே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். (இந்த உதேனனும் பெருங்கதையின் நாயகன் உதயணனும் ஒருவனே. யாழ் மீட்டி யானையை வசப்படுத்தும் அந்தக் காதல் நாயகனைப் படித்துவிட்டு விநய பிடகத்துக்கு வருபவர்களுக்கு, இங்கே அவன் துணியை எண்ணிக்கொண்டு நிற்பது சற்று வேடிக்கையாக இருக்கும்.) அந்தப்புரப் பெண்கள் ஆனந்தரிடம் அறவுரை கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளைக் கொடுத்துவிட்டார்கள். அரசனுக்கு எரிச்சல். துறவிக்கு இத்தனை துணி எதற்கு, ஜவுளி வியாபாரம் தொடங்கப் போகிறாரா? நேரில் போய்க் கேட்டே விடுகிறான்.

ஆடை நைந்துபோன பிக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். அப்படியானால் அந்த நைந்த ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள்? மெத்தை உறையாகும். பழைய உறைகள்? தரை விரிப்பு. பழைய தரை விரிப்புகள்? கால்மிதி. பழைய கால்மிதிகள்? தூசி தட்டும் துணி. அந்தத் துணியும் கந்தலானால்? கிழித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். அரசன் அதற்குமேல் கேட்கவில்லை. இன்னும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த உரையாடலில் மறுப்பு என்பதே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆனந்தர் வேண்டாம் என்று கையை மடக்கவில்லை. ஐந்நூறையும் ஏற்றார், மேலும் வந்ததையும் ஏற்றார். ஆனால் கைக்கு வந்த ஒவ்வொரு துணியும் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, கடைசியில் எந்தத் தரையில் முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்தவரின் நன்மையை அறிவது என்றால் இதுதான். ‘போதும்’ என்ற அளவும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. போகும் இடம் தெரிந்த பொருள் எத்தனை வந்தாலும் சுமையாவதில்லை. அது தெரியாத வீட்டில் பத்தாவது சேலையே இடத்தை அடைக்கும், பதினோராவதும் வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான துணிக்கதை பிரான்ஸில் நடந்தது. கலைக்களஞ்சியம் தொகுத்த தெனி திதரோ 1769இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தமது பழைய வீட்டு அங்கியை இழந்த புலம்பல் அது. பரிசாக வந்த செந்நிறப் புது அங்கியின் பகட்டுக்கு முன் வைக்கோல் நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. தோல் நாற்காலி வந்தது. புத்தகம் தாங்கிய மரப்பலகை போய் அலங்கார அலமாரி வந்தது. பழைய மேசையும் போயிற்று. பழைய அங்கியின் முனையால் புத்தகத்துத் தூசியைத் துடைத்திருக்கிறார், பேனாவின் மையை ஒற்றியிருக்கிறார். புதியதையோ கறைபடாமல் காத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பொருள் தனக்குத் துணையாக மற்றப் பொருள்களை இழுத்து வருவதை, 1988இல் மானுடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் ‘திதரோ விளைவு’ என்று பெயரிட்டு விளக்கினார். புது சோபா வந்ததும் திரைச்சீலை பழையதாகிவிடுவது அதனால்தான்.

உளவியலாளர்கள் இதே வழிக்குத் தாமதமாக வந்தார்கள். பிரிக்மனும் கேம்பெல்லும் 1971இல், வசதி ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறுவதால் மகிழ்ச்சி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார்கள். பிரிக்மன் குழுவினரின் 1978ஆம் ஆண்டு ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்தே இருந்தது. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. அதன் ஒரு பகுதியில், வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம், தாம் நன்றி பாராட்டும் ஐந்து செய்திகள் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். இதைக் கேட்டவுடன் கடையில் வழவழப்பான நன்றிக் குறிப்பேடு வாங்க ஓடுகிறவர்களைத் திதரோவிடம்தான் அனுப்ப வேண்டும். ஒருபக்கத் தாளே போதும். எழுதுவது ‘நல்ல நாள், நல்ல குடும்பம்’ என்று மொட்டையாக இல்லாமல், இன்னார் இன்னது செய்தார் என்று இருந்தால் சரி.

இந்தப் பாடத்துக்கு ஓர் எல்லை உண்டு. போதும் என்பது உண்டு உடுத்தவருக்கான பேச்சு. கூலி குறைத்துக் கொடுத்துவிட்டு, கிடைத்ததற்கு நன்றியோடு இரு என்று வேலைக்காரருக்குச் சொல்வதற்குக் குறளில் எந்த ஆதரவும் இல்லை. 105ஆம் அதிகாரமான நல்குரவு, வறுமையைப் போலக் கொடியது வறுமையே என்று தொடங்குகிறது. அதில் ஆறுதல் ஒரு சொல்லும் கிடையாது. இரவச்சம் என்ற அதிகாரத்தில், இரந்துதான் ஒருவர் உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருந்தால் விதித்தவன் அலைந்து கெடட்டும் என்று படைத்தவனையே வள்ளுவர் சபிக்கிறார்.


தமிழாசிரியர்