நெருக்கல் விகிதமும் நானாவின் எஞ்சினும்

நானாவின் பழைய கொரோலா கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும்போது, தகரப் பேணிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். "ஓட்டக் கார் எஞ்சின், அப்படித்தான் தங்கச்சி" என்பார். மூன்றாம் மாதம் புகைவிட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால், ஒரு பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்திருந்தது. உம்மா சீட்டுக் கட்டி எடுத்த காசில் திருத்திய எஞ்சின் அது. அதை மறுபடி கட்டும்போதுதான் நான் நெருக்கல் விகிதத்தைச் சரியாக விளங்கிக்கொண்டேன்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதன் மேலுள்ள முழுக் கனவளவை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் கனவளவால் வகுத்தால் வருவதே நெருக்கல் விகிதம். நானாவுடையது டொயோட்டாவின் 4ஏ-ஜீஈ எஞ்சின். 1983இல் வந்தபோது அதன் விகிதம் 9.4, 1989இல் 10.3 ஆக்கினார்கள். அதே எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பூட்டியபோது முதலில் 8.0 ஆகக் குறைத்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்பதில்தான் பாடமே இருக்கிறது.

கலவையை நெருக்கினால் அது சூடாகும். பிளக் தீப்பொறி போட்டதும் சுவாலை ஒரு பக்கத்திலிருந்து பரவும். அது போய்ச் சேருமுன், மறு மூலையில் நெரிபடும் மீதிக் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் அமுக்கம் அலையாக மோதும். நாங்கள் கேட்ட சத்தம் அதுதான். தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் ஆற்றலைக் காட்டுவது ஒக்டேன் எண். எங்கள் நாட்டு நிரப்பு நிலையங்களில் 92உம் 95உம் கிடைக்கும். நானா மலிவென்று 92 அடித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு வெயில், ஏற்றம், காரில் நாலு பேர்.

முன்னர் திருத்திய கராஜில் சிலிண்டரை 81 மில்லிமீற்றரிலிருந்து 81.5க்குப் பெருப்பித்து, ஹெட்டையும் சீவியிருந்தார்கள். எவ்வளவு சீவினார்கள் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அளப்பதுதான் வழி. இரசாயனவியல் ஆசிரியையிடம் கெஞ்சி ஓர் அளவியை வாங்கிப் போனேன். வால்வுகளை மூடி, பிளக்கைப் பூட்டி, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைக் கிறீஸ் பூசி ஹெட்டின் மேல் ஒட்டி, தகன அறைக்குள் சாயம் கலந்த நீரை இறக்கினேன். நியமிப்புச் செய்து பழகிய கை உதவியது. பாஸ் முதலில் சிரித்தார். பிறகு அவரே வாசிப்புகளை எழுதினார். நாலு அறைகளும் ஒரே அளவில்லை. மிகச் சிறியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், முதலில் தட்டுவது அதுதான்.

கேஸ்கட்டின் தடிப்பையும் பிஸ்டன் தலையின் வடிவத்தையும் சேர்த்தபோது எஞ்சிய இடம் 37.8 கன சென்ரிமீற்றர். பிஸ்டன் ஓர் அடிப்பில் கடக்கும் கனவளவு, 77 மில்லிமீற்றர் அடிப்புக்கு, 401.7. வகுத்து ஒன்றைக் கூட்டினால் 11.6! யாருக்கும் தெரியாமலே எஞ்சின் அந்த விகிதத்தில் ஓடியிருக்கிறது.

"அப்போ அதுதானே பவர்" என்றார் நானா. ஏட்டுச் சூத்திரப்படி, 10.3இல் வினைத்திறன் 60.7 சதவீதம், 11.6இல் 62.5. உண்மை எஞ்சினில் இரண்டுமே இதைவிட மிகக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஒரு பிஸ்டன் போனதென்று காட்டியதும் பேசாமல் இருந்தார்.

இடத்தைக் கூட்டத் தடித்த கேஸ்கட் போடலாம் என்றது ஒரு யோசனை. ஒரு மில்லிமீற்றர் கூடினாலே போதும். ஆனால் அப்படிச் செய்தால் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலான ஒடுங்கிய இடைவெளி விரிந்து, கலவை நன்றாகச் சுழலாது. தட்டல் மறுபக்கத்தால் திரும்பி வரும். பிஸ்டன் எப்படியும் மாற்றத்தானே வேண்டும்? தலை தாழ்ந்த பிஸ்டன்களைத் தேடி எடுத்தோம். இடம் 43.6 ஆனது, விகிதம் 10.2. உள்வால்வு பிந்தி மூடும் கேம் போட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று பாஸ் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் நானாவிடம் இருப்பது பழைய கேம்தான்.

இப்போது 95 மட்டும் அடிக்கிறார். கடுகண்ணாவ வந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுக்கிறார்.