கேட்ட வரம் தாமதிக்கும்போது



“நவநாள் முடித்தாயிற்று, நேர்ச்சையும் செலுத்தியாயிற்று, மடு மாதாவிடமும் போய் வந்தாயிற்று. இன்னும் ஆண்டவர் கண் திறக்கவில்லையே!” இப்படி மனம் நொந்து சொல்லாத குடும்பம் நம்மிடையே உண்டா? பிள்ளைப்பேற்றுக்காக, நோயாளியின் சுகத்துக்காக, மகனின் வேலைக்காக, வெளிநாட்டில் உழைக்கும் தாயின் நல்வரவுக்காக, குடியை விடாத தந்தைக்காக மாலைதோறும் செபமாலை சொல்லும் வீடுகள் எத்தனையோ! அத்தகைய வீட்டாருக்காகவே இவ்வாரப் பாடம்.

1. முறையிடுவது பாவமன்று

ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். ஆபிரகாம் இறைவனின் அழைப்பையும் வாக்குறுதியையும் பெற்றுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடையில் 25 ஆண்டுகள்! அந்த விசுவாசத் தந்தையே பொறுமையிழந்து, தாமே ஒரு வழி தேடினார். அவ்வழியின் துன்பத்தை அடிமைப் பெண்ணான ஆகாரும் அவள் பிள்ளையும் அல்லவா சுமந்தார்கள்! நம் அவசரத்தின் விலையைப் பல வேளைகளில் நமக்குக் கீழே இருப்பவர்களே கொடுக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

அருளப்பர் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் பெத்தானியா வீட்டைக் காண்கிறோம். லாசர் நோயுற்ற செய்தி கிடைத்த பின்னும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது லாசர் கல்லறையில் நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தா ஆண்டவரிடம் நேராகவே தன் மனக்குறையைச் சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொண்டாரா? இல்லை. மரியாளின் கண்ணீரைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார். ஆகவே, ஆண்டவரிடம் முறையிடுவது அவிசுவாசமன்று. அவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

2. தேங்கிய நீர் வீணான நீரன்று

நோட்டன் பிரிட்ஜில் கெகல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணையை நம் வாசகர் பலர் அறிவர். ஓடிய ஆறு அங்கே நின்றுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அந்த நீரே குழாய் வழியே மலைச்சரிவில் இறங்கி, பழைய லக்ஷபான மின்நிலையத்தில் வெளிச்சமாகிறது. தேங்கியதால் அது வலுவிழக்கவில்லை, வலுப்பெற்றது.

இத்திட்டத்தின் வரலாறே ஒரு காத்திருப்பின் வரலாறுதான். இவ்வாறுகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். தொடங்கிய வேலை இடையில் நின்றுபோயிற்று. அவர் ஓய்ந்துவிடவில்லை, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதற்காக வாதாடினார். லக்ஷபான மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது 1950இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அவர் மறைந்தது 1953இல்.

மலையில் வேலை செய்யும் நம் தாய்மாருக்கு இப்பாடம் புதிதன்று. கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டையாய் நிற்கும். அறியாதவன் அது பட்டுப்போயிற்று என்பான். முதல் துளிர் கண்டவுடன் கொழுந்தெடுக்க எவரும் கூடையோடு ஓடுவதில்லை. கிளை ஓங்கட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். அந்த நாட்களிலும் செடிக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

3. இது யாருடைய தாமதம்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாத் தாமதத்தையும் இறைவன் தலையில் கட்டிவிடலாமா?

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் நிறைவாக வந்தது 2003இல். அதாவது 55 ஆண்டுகளுக்குப் பின்!

இதை “ஆண்டவரின் நேரம்” என்று சொல்லிச் சும்மா இருக்க முடியுமா? முடியாது. அது மனிதர் இழைத்த அநீதி. இறைவன் காலம் தாழ்த்துவது வேறு. மனிதன் நீதியைத் தாமதிப்பது வேறு. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்குப் பொறுமையோடு கூடிய முயற்சியும் வேண்டும். லூக்கா 18ஆம் அதிகாரத்தின் கைம்பெண் என்ன செய்தாள்? வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. நீதியற்ற நடுவனின் வாசலுக்கு ஓயாமல் நடந்தாள். மனந்தளராமல் செபிப்பதற்கு நம் ஆண்டவர் காட்டிய மாதிரி அவளே அல்லவா?

மலையகம் அதைச் செய்தும் காட்டியது. 1986 தைப்பொங்கல் நாளில், திரு. சௌ. தொண்டமான் தலைமையில், பிரஜாவுரிமை கோரிப் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கிற்று. தோட்டத் தொழிலாளர் செபத்தையே தங்கள் போராட்டமாக்கினர். அரசு இணங்கியது. எஞ்சியிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறிற்று. கூப்பிய கையும் உரிமை கேட்கும் வாயும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

4. பலனைக் காணாமல் கண்மூடியவர்கள்

“எங்கள் தாத்தா துண்டுக் கடதாசியும் இல்லாமலே செத்துப்போனாரே, அவருடைய செபம் என்ன ஆயிற்று?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எளிதான விடை சொல்லி அதை மூடிவிடக் கூடாது.

எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இத்தகையோரைப் பற்றியே பேசுகிறது. வாக்களிக்கப்பட்டதை அடையாமல், தூரத்திலிருந்து கண்டு வாழ்த்தி, விசுவாசத்திலேயே இறந்தார்கள் என்கிறது. மோயீசனும் வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையுச்சியிலிருந்து பார்த்தார், உள்ளே நுழையவில்லை. அவர்கள் செபம் வீணாகவில்லை. அவர்கள் பிள்ளைகள் அந்நாட்டில் நடந்தார்கள். அவர்களோ அதிலும் மேலான தாயகத்தை அடைந்தார்கள். நம் உயிர்ப்பு விசுவாசம் இல்லாவிடில் இந்த ஆறுதல் வெறும் பேச்சே.

நம் நாட்டுத் திருச்சபையின் தந்தை புனித யோசேவ் வாஸ் 1687இல் இங்கு வந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உடன் உழைக்க வேறு குரு இல்லை. 1692இல் கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அவர் விடுதலைக்காகச் செபித்திருக்க மாட்டாரா? ஆயினும் சிறை நாட்களை வீணாக்காமல் சிங்களம் கற்றார். கதவு திறந்தபோது மக்களோடு பேச அவர் நாவு ஆயத்தமாயிருந்தது.

5. காத்திருக்கும் வீடு செய்ய வேண்டியவை

ஒன்று: கேட்பதை நிறுத்தாதீர்கள், ஆனால் நாள் குறித்து ஆண்டவரோடு பேரம் பேசாதீர்கள்.

இரண்டு: உங்கள் பங்கைச் செய்யுங்கள். நோயாளியை வைத்தியரிடம் கொண்டுபோவது அவிசுவாசமன்று. வைத்தியரும் இறைவன் தந்தவரே. வேலைக்குச் செபிக்கும் மகன் விண்ணப்பமும் எழுதவேண்டும்.

மூன்று: உடனடி அற்புதம் என்று காசு கேட்பவரிடமும், குறி சொல்பவரிடமும் ஓடாதீர்கள். அவர்கள் விற்பது உங்கள் கண்ணீரையே.

நான்கு: துன்பப்படும் வீட்டாரிடம், “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை; தாங்கும் அருள் கிடைத்தது. அவருக்கா விசுவாசம் குறைவு?

ஐந்து: அண்டை வீட்டாரின் கருத்துக்காகவும் ஒரு பத்து மணி சொல்லுங்கள். தனியே காத்திருப்பது பாரம்; சேர்ந்து காத்திருப்பது செபம்.

குடும்பமாகச் சிந்திக்க: நாம் நெடுநாள் கேட்டுவரும் வரம் எது? அதில் ஆண்டவருக்கு விடவேண்டிய பகுதி எது, நாம் செய்யவேண்டிய பகுதி எது? நம்மால் தாமதமாகும் நீதிக்காக நம் வாசலில் காத்திருப்பவர் எவரேனும் உண்டா?

இன்றிரவு செபமாலைக்குப் பின் இக்கேள்விகளைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். வரம் வரும் நாள் நமக்குத் தெரியாது. வரம் தருபவரை நாம் அறிவோம்.